இரண்டு காலண்டரிலும் நல்ல நேரம்

நகரியில் நாகபூஷணத்தின் வீட்டுச் சுவரில் இரண்டு காலண்டர்கள் தொங்கின. ஒன்று தமிழ்க் காலண்டர், தினம் ஒரு தாள் கிழிக்கிற வகை, திருத்தணி நகைக்கடைக்காரர் கொடுத்தது. மற்றது தெலுங்குக் காலண்டர், மாதத்துக்கு ஒரு தாள், புத்தூர் உரக்கடைக்காரர் கொடுத்தது. ஒரே ஆணியில் மாட்டினால் ஒன்றை ஒன்று மறைக்கும் என்று இரண்டு ஆணி அடித்திருந்தார். தொல்லை அந்த இரண்டாவது ஆணியில்தான் ஆரம்பித்தது. ஒரே ஆணியாக இருந்திருந்தால் ஒரு காலண்டராவது மறைந்துபோய், மனுஷன் பாதி நாளாவது நிம்மதியாக இருந்திருப்பார்.

தமிழ்க் காலண்டர், ராகு காலம், எமகண்டம், குளிகை என்று ஒரு பகலில் நாலரை மணி நேரத்தைத் தின்றுவிடும். தெலுங்குக் காலண்டர் மிச்சத்திலிருந்து வர்ஜ்யம், துர்முகூர்த்தம் என்று இன்னும் இரண்டு மூன்று மணி நேரம் கேட்கும். ஊர் ஆந்திராவிலும் வீட்டுப் பேச்சு தமிழிலும் இருக்கிற குடும்பங்களுக்கு இது ஒரு தனித் தலைவலி. எந்த பாஷைக் கெட்ட நேரம் தங்களைப் பிடிக்கும் என்று அவர்களுக்கே தெரியாது. நாகபூஷணம் ஜாக்கிரதையான ஆள். அதனால் இரண்டுக்கும் பயந்தார்.

பிறந்ததிலிருந்தே இப்படியா என்றால் இல்லை. நாலு வருஷம் முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, அவர் மனைவி கங்கம்மாளுக்குக் கால் இரண்டும் வீங்கிப்போயிருந்தது. பகல் பதினொரு மணிக்கு அவளைப் புத்தூர் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார். வீட்டுக்கு வந்து, ஒன்றும் செய்யத் தோன்றாமல் காலண்டரைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகு காலம் என்று போட்டிருந்தது. கிளம்பிய நேரம் சரியாக இருந்திருந்தால் கிட்னியும் சரியாக இருந்திருக்கும் என்று அவர் வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அடுத்த நாளே கடைத்தெருவுக்குப் போய் இரண்டாவது ஆணியை வாங்கி வந்தார்.

அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. ராத்திரி எட்டு மணியிலிருந்து காலை எட்டு மணி வரை, ஒரே ஆளாக ஆறு விசைத்தறிகளை ஓட்டுவார். முப்பது வருஷம் அந்தச் சத்தத்தில் நின்றதில் காது பாதி அடைத்துவிட்டது. அதனால் ரகசியத்தைக்கூட அவர் சொன்னால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். ஒரே மகள் மோனிகா கல்யாணமாகி அரக்கோணத்தில் இருந்தாள். அவளுக்குக் கைக்குழந்தை. அதனால் வீட்டில் இருந்தது இவர்கள் இரண்டு பேரும் இரண்டு காலண்டர்களும்தான்.

வாரத்துக்கு மூன்று நாள், திங்கள், புதன், வெள்ளி, கங்கம்மாளுக்குத் திருப்பதியில் டயாலிசிஸ். மத்தியானம் ஒரு மணிக்கு மிஷினில் படுத்தால் ஐந்து மணிக்கு எழுப்புவார்கள். நாலு மணி நேரம் மிஷினுக்கு. பஸ்ஸில் போக இரண்டு மணி, வர இரண்டு மணி, காத்திருக்க ஒரு மணி, ஆகமொத்தம் ஐந்து மணி நேரம் ரோட்டுக்கு. வீடு திரும்பி, சோற்றை வாயில் போட்டுக்கொண்டே நாகபூஷணம் தறிக்கு ஓடுவார். அவர் தூங்குகிற இடம் ஆஸ்பத்திரி வராந்தா. செருப்பைத் தலைக்கு வைத்துக்கொண்டு, தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் படுப்பார். தண்ணீர் பிடிக்க வருகிறவர்கள் அவரைத் தாண்டித் தாண்டிப் போவார்கள்.

இப்படிப்பட்டவரிடம்தான் நேரத்தைச் சேமிப்பது எப்படி என்று ஒருவன் பாடம் எடுத்தான்.

தறி முதலாளியின் மகன் ஹரிபாபு. திருப்பதியில் எம்பிஏ படித்தவன். ஜனவரி மாதம் எல்லாருக்கும் ஒரு டைரி கொடுத்து, தறிகளை ஐந்து நிமிஷம் நிறுத்தச் சொல்லி, நடுவில் நின்று பேசினான்.

"அண்ணா, தெனமும் பிளான் ராஸ்கோவாலி. எழுதணும். நாளைக்கு இன்னா செய்யப் போறோம்னு இன்னிக்கே எழுதணும். ஞாயித்துக்கெழமை ஒக்காந்து வாரம் முழுசுக்கும் எழுதணும். முக்கியமானதை மொதல்ல எழுதணும். அப்பறம் பாருங்க, டைம் எவ்ளோ மிச்சமாகுதுன்னு."

"தறி நிறுத்தின அஞ்சு நிமிசத்த எந்த நாள்ல எழுதறது பாபு?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். எல்லாரும் சிரித்தார்கள். நாகபூஷணம் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்குப் பாதிதான் காதில் விழுந்தது. விழுந்த பாதியில் 'டைம் மிச்சமாகும்' என்பது இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தெலுங்குக் காலண்டரின் பழைய தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் ஏழு நாளுக்கும் கட்டம் போட்டார். நல்லதுக்குப் பச்சை, கெட்ட நேரத்துக்குச் சிவப்பு, ஆஸ்பத்திரிக்கு நீலம். டைம்டேபிள் போடுகிற ஹெட்மாஸ்டர்கூட அவ்வளவு அக்கறையாகக் கோடு இழுத்திருக்க மாட்டார். முதலில் இரண்டு காலண்டரின் கெட்ட நேரத்தையும் சிவப்பால் அடைத்தார். அப்புறம் தறி, அப்புறம் திருப்பதி. கங்கம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாய்யா இது, கோழி அறுத்த எடம் மாதிரி கீது?"

"வாரத்துக்குப் பிளானு. ஹரிபாபு சொன்னான்."

"அதுல பச்சை எங்க கீது?"

அவர் விரலால் தேடிக் காட்டினார். ஞாயிறு மாலை ஆறரை முதல் ஏழரை வரை ஒரு சின்னப் பச்சைக் கட்டம். அதில் நெருக்கி நெருக்கி ஏதோ எழுதியிருந்தது. கங்கம்மாள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தாள். 'கங்காவோட பேச்சு.'

"என்கூடப் பேசறதுக்கு டைம்டேபிளா? முப்பது வருசமா டைம்டேபிள் இல்லாம நான் திட்டிக்கினுதான கீறேன்?"

"திட்றது வேற. பேச்சு வேற."

அவள் அடுப்படிக்குப் போனாள். ஆனால் அந்தத் தாளை அவர் பசை தடவி ஒட்டும்போது, மேல்மூலை கோணலாக இருக்கிறது என்று வந்து சரிசெய்துவிட்டுப் போனாள்.

அந்தப் பச்சைக் கட்டத்தில் அவர்கள் எத்தனை ஞாயிறு பேசினார்கள் என்றால், கணக்குக்கு ஒன்றோ இரண்டோ. மற்ற வாரங்களில் ஆறரைக்கு அவர் வந்து உட்காருவார், கங்கம்மாளும் உட்காருவாள், ஆறு முப்பத்தைந்துக்கு அவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போயிருப்பார். அவள் முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுப்புவாள்.

"எழுந்திருய்யா. பேச்சு முடிஞ்சிடுச்சி."

புரட்டாசி மாதம் நகரியிலேயே டயாலிசிஸ் மையம் ஒன்று திறந்தார்கள். மொத்தம் ஐந்து மிஷின். திறந்த வாரமே எல்லா இடமும் நிரம்பிவிட்டது. பேர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இடம் மாற்றுவதற்கு ஒரு கடிதம் வேண்டும், அதற்குச் சித்தூர் போக வேண்டும். நாகபூஷணம் தூக்கத்தில் கை வைத்து மூன்று தடவை சித்தூருக்குப் போய் அந்தக் கடிதத்தை வாங்கி வந்தார். அவருக்கு அது வெறும் கடிதம் இல்லை. நகரியிலேயே மிஷின் கிடைத்தால் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம், வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் மிச்சம். தாளில் பதினைந்து பச்சைக் கட்டம். என்ன எழுதுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தார். பதினைந்திலும் ஒன்றுதான், 'கங்காவோட பேச்சு.'

"தூக்கம்னு எழுது," என்றாள் கங்கம்மாள். அவள் மெலிந்துகொண்டே வந்தாள். பஸ்ஸில் புத்தூர் தாண்டியதும் அவள் தலை அவர் தோளில் விழுந்துவிடும். பஸ் குலுங்குவதில் அவளுக்கு வாந்தி வரும். இந்தப் பஸ்தான் தன்னைக் கொல்கிறது, மிஷின் இல்லை என்பாள். திருப்பதி டாக்டரும் வேறு வார்த்தையில் அதையேதான் சொன்னார். இவ்வளவு தூரம் அலைய இந்த உடம்பில் இனி தெம்பு இல்லை, பக்கத்தில் பாருங்கள் என்றார்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை மையத்திலிருந்து போன் வந்தது. அங்கே மிஷின் பார்க்கிற சுலோச்சனா. தெலுங்குக்காரப் பெண், தமிழும் வரும், இரண்டையும் கலந்து வேகமாகப் பேசுவாள்.

"பாபு, ஒக ஸ்லாட் காலி ஆச்சு. மீ பேருதான் மொதல்ல உந்தி. சோமவாரம் காலைல ஒன்பது மணிக்குள்ள ஒரிஜினல் ஃபைலு, சித்தூர் லெட்டரு எல்லாம் எடுத்துக்கினு ரண்டி. ஒன்பதுக்கு நான் ஆன்லைன்ல பேரு ஏத்திடணும். லேட் ஆனா ரெண்டாவது பேரு. நான் ஒண்ணும் செய்ய முடியாது."

"வரேம்மா, வரேன்," என்றார். தெருவே திரும்பிப் பார்த்தது.

போனை வைத்ததும் காலண்டரைப் பார்த்தார். திங்கட்கிழமை. ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம். அவருக்குத் தறி முடிகிறதே எட்டு மணிக்கு. எட்டுக்கு முடித்து, ஒன்பதுக்குள் மையத்தில் இருக்க வேண்டுமானால், ராகு காலத்துக்கு நட்டநடுவில்தான் கிளம்ப வேண்டும். கங்கம்மாளின் உயிர் விஷயத்தில் இன்னொரு தடவை ராகு காலத்தில் கிளம்புவதா?

ஆனால் இதற்கும் ஒரு வழி உண்டு. கெட்ட நேரத்தில் பயணம் போக வேண்டியிருந்தால், அதற்கு முன்னாலேயே நல்ல நேரம் பார்த்து, கொண்டுபோகும் பையைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பை கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பியதாகத்தான் கணக்கு. அப்புறம் ராகு காலமோ எமகண்டமோ, பையை எடுத்துக்கொண்டு நேரே போய்விடலாம். பரஸ்தானம் வைப்பது என்று பேர். ராகுவை ஏமாற்றுகிற வேலைதான், ஆனால் ராகு இதுவரை யாரிடமும் புகார் சொன்னதில்லை. வைத்த பையைத் திருப்பி வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, அது ஒன்றுதான் கண்டிஷன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு காலண்டரையும் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் தேடினார். மூன்று மணிக்குக் குளிகை. குளிகையில் செய்வது திரும்பத் திரும்ப நடக்கும் என்பார்கள், ஆஸ்பத்திரிப் பயணம் திரும்பத் திரும்ப நடப்பதா? அப்புறம் ராகு காலம், துர்முகூர்த்தம். ஆறு இருபது வரை வர்ஜ்யம். கடைசியில் இரண்டு காலண்டரும் ஒத்துக்கொண்ட நேரம் ஆறரை முதல் ஏழரை. அது பச்சைக் கட்டம். கங்கம்மாளின் கட்டம்.

"இன்னிக்குப் பேச்சு லீவு," என்றார்.

"நீ தூங்கற லீவுன்னு சொல்லு," என்றாள். அவர் பையில் என்ன வைக்கிறார் என்று பார்த்தாள். "யோவ், ஒரு துண்டு, ஒரு எலுமிச்சம்பழம் வெச்சாப் போதும். ஃபைல எதுக்குய்யா வெக்கற?"

"எதுக்காகப் போறமோ அதுதான கெளம்பணும்? துண்டு போயி இன்னா பண்ணும்?"

அரைகுறையாக எதையும் செய்கிற ஆள் இல்லை அவர். ஃபைல், சித்தூர் கடிதம், ரேஷன் கார்டு, ஆதார் எல்லாவற்றையும் பையில் வைத்து, மேலே துண்டை வைத்து, அதன் மேல் எலுமிச்சம்பழத்தை வைத்து, ஆறு முப்பத்தைந்துக்குப் பக்கத்து வீட்டுச் சந்திரசேகரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"பரஸ்தானம், சந்திரா."

"வைண்ணே," என்றான் சந்திரசேகர். எங்கே, எப்போது என்று கேட்கவில்லை. கிளம்புகிறவரை எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது, கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும். இவரும் சொல்லவில்லை, சொன்னாலும் கெட்டுவிடும். ஒருவர் காரியம் கெடக் கூடாது என்று இரண்டு பேரும் அவ்வளவு மரியாதையாக வாயை மூடிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தறியை அடுத்த ஆளிடம் ஒப்படைத்துவிட்டு, நாகபூஷணம் சைக்கிளில் வந்தார். தன் வீட்டுப் படியை மிதிக்காமல் நேரே சந்திரசேகர் வீட்டுக்குப் போனார். கதவில் பூட்டுத் தொங்கியது.

முதலில் பால் வாங்கப் போயிருப்பார்கள் என்று நினைத்தார். அப்புறம் கங்கம்மாள் வெளியே வந்தாள்.

"காலங்காத்தாலேயே காருல கெளம்பிப் போனாங்கய்யா, குடும்பமா. சத்தம் கேட்டு எழுந்து வர்றதுக்குள்ள போயிட்டாங்க."

"எங்க?"

"காளாஸ்திக்குன்னு எதுத்த ஊட்டுல சொன்னாங்க. அவங்க பொண்ணுக்கு வரனே அமையலன்னு ராகு கேது பூஜை பண்ணப் போறாங்களாம். யாரோ சொந்தக்காரங்க காருல எடம் கீதுன்னு ராத்திரி போன் பண்ணாங்களாம். ராகு காலத்துல பண்ணாத்தான் பலனாம்."

நகரியில் நாகபூஷணம் எந்த ஒன்றரை மணி நேரத்துக்குப் பயந்து பையைக் கொண்டுபோய் வைத்தாரோ, அதே ஒன்றரை மணி நேரத்தைத் தேடிச் சந்திரசேகர் காளஹஸ்திக்குப் போயிருந்தான். போன் அடித்துப் பார்த்தார். அணைத்து வைத்திருந்தது. கோயிலுக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள்.

சுலோச்சனாவுக்குப் போன் போட்டார்.

"அம்மா, ஃபைலு ஒரு எடத்துல மாட்டிக்கிச்சி. நான் மட்டும் வரட்டா?"

"ஒரிஜினல் இல்லாம ஏத்த முடியாது பாபு. சீக்கிரமா எடுத்துக்கினு ரண்டி. இன்னும் முப்பத்தஞ்சு நிமிசம் கீது."

மணி எட்டு இருபத்தைந்து. சைக்கிளில் மையத்துக்குக் கால் மணி நேரம். கணக்குப்படி நேரம் இருந்தது.

"ஒடைய்யா," என்றாள் கங்கம்மாள்.

அவர் பூட்டைப் பிடித்தபடி நின்றார். "ராகு காலத்துல... அடுத்தவன் ஊட்டுப் பூட்ட... அவன் சாமி கும்படப் போயிருக்கறப்ப எப்டிம்மே ஒடைக்கறது? அவன் பொண்ணு காரியம்."

"என் காரியம் இன்னாய்யா?"

அவர் தெருவைப் பார்த்தார். எதிர் வீட்டைப் பார்த்தார். திரும்பவும் போன் அடித்தார். ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தார். உள்ளே நாற்காலியின் மேல் பை தெரிந்தது. எலுமிச்சம்பழம்கூடத் தெரிந்தது, மஞ்சளாக. கம்பிக்குள் கை விட்டார். முழங்கை வரைக்கும் போனது. பை இருந்ததோ பத்தடி தூரத்தில். ஒரு குச்சி தேடினார். குச்சி பையைத் தொட்டது, பை தரையில் விழுந்தது, இன்னும் தள்ளிப் போயிற்று.

இப்படியே இருபது நிமிஷம் போனது. ஹரிபாபு டைரியில் அந்த இருபது நிமிஷத்துக்கு ஒரு கட்டமும் இல்லை.

டம்மென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால், கங்கம்மாள் ஒரு கருங்கல்லைத் தூக்கிப் பூட்டின் மேல் அடித்துக்கொண்டிருந்தாள். ஊசி குத்துகிற இடக்கையை மார்போடு அணைத்துக்கொண்டு, வலக்கையால் மட்டும். கல் பூட்டில் படாமல் கதவில் பட்டது. இரண்டாவது அடியில் கல் கை நழுவிக் கால் பக்கத்தில் விழுந்தது. மூச்சு வாங்க அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

அப்புறம்தான் அவருக்கு உயிர் வந்தது. கல்லை எடுத்து நாலே அடி. பூட்டு அசையவில்லை, தாழ்ப்பாள் மரத்தோடு பிய்த்துக்கொண்டு வந்தது. பையை எடுத்துக்கொண்டு சைக்கிளை மிதித்தார். வழியில் போன் அடித்தது. தறிச் சத்தத்தில் அடைத்த காது, சைக்கிள் சத்தம், கடைத்தெருச் சத்தம். அவருக்குக் கேட்கவில்லை. இரண்டு தடவை அடித்து நின்றது.

மையத்துக்குள் நுழைந்தபோது மணி ஒன்பது ஆறு.

சுலோச்சனா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். "ஏமண்டி இலா சேசாரு, ஏன் இப்டி பண்ணிட்டீங்க," என்றாள். திட்டுகிற குரல் இல்லை அது. "ரெண்டு தடவ போன் செஸா. ஒன்பது தாண்டி ரெண்டு நிமிசம்கூட வெயிட் செஸா. மேல இருந்து கேக்கறாங்க."

பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். முகம் ஊதிப்போயிருந்தது. பக்கத்தில் அவள் அம்மா, மடியில் இவளுடைய குழந்தை. சிவசங்கரி என்று சுலோச்சனா கூப்பிட்டதும் எழுந்து போய்க் கையெழுத்துப் போட்டாள். இரண்டாவது பேர் என்று தெரிந்தும், ஒருவேளை கிடைத்தாலும் கிடைக்கும் என்று காலை ஆறரைக்கே வந்து காத்திருந்தாளாம். நாகபூஷணம் அவளைக் கோபமாகப் பார்க்க முயற்சி பண்ணினார். அந்தக் குழந்தை அவரைப் பார்த்துச் சிரித்தது. அதற்கு எல்லாரையும் பார்த்துச் சிரிக்கிற வயது.

"அடுத்தது எப்பம்மா காலி ஆவும்?"

சுலோச்சனா கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டாள். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. சனிக்கிழமை வந்த போனில், காலி எப்படி ஆயிற்று என்று அவர் கேட்கவே இல்லை. அந்த மிஷினில் படுத்துக்கொண்டிருந்த ஏகாம்பரகுப்பத்து ரிடையர்டு பஸ் கண்டக்டர் ஒருவர் அந்த வாரம்தான் செத்துப்போயிருந்தார். அந்த ஆளின் வீட்டில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த நேரத்தில், இவர் பதினைந்து பச்சைக் கட்டம் எண்ணிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தார். கங்கம்மாள் திருப்பதிக்குப் போகிற பையோடு படியில் உட்கார்ந்திருந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சி," என்றாள்.

திங்கட்கிழமைகளில் பத்தரைக்கு எமகண்டம். எப்போதும் பத்து இருபதுக்கே வீட்டை விட்டு இறங்கி, ஸ்டாண்டில் போய் நின்றுகொள்வார்கள். அன்றைக்குப் பத்தே முக்காலுக்குக் கிளம்பினார்கள். நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவர் சுவரைப் பார்க்கவில்லை.

புத்தூர் தாண்டியும் கங்கம்மாள் தலையைச் சாய்க்கவில்லை. வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"திருப்பதில நம்ம பேட்ச்ல மொத மொத எத்தினி பேரு இருந்தோம் தெரியுமா?"

"அத இப்ப ஏன்..."

"எட்டுப் பேரு. ஜன்னலாண்ட படுக்குமே சத்தியவேட்டு அம்மா, கன்னியம்மா. அது எடத்துலதான் இப்ப நான் படுக்கறேன். அது போனப்ப, காத்து வர்ற எடம் கெடச்சிதுன்னு நான் சந்தோசப்பட்டேன்யா. ஒரு நாளு முழுக்க சந்தோசமா இருந்தேன்."

அவர் பையிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"என் எடம் காலியானாலும் எவளோ ஒருத்திக்கு போனு போவும். அவ புருசனுக்கு மட்டும் காலண்டரே இருக்கக் கூடாது சாமி."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரிப்பு வாந்தியில் போய் முடிந்தது. அவர் பிளாஸ்டிக் கவரைப் பிடித்தார், முதுகைத் தடவினார். அப்புறம் கேட்டார்.

"நான் மட்டும் அந்த அஞ்சு மணி நேரத்த உனுக்கு வாங்கிக் குடுத்திருந்தா, இன்னா பண்ணியிருப்ப?"

"உன்னப் பக்கத்துல படுக்க வெச்சித் தூங்கப் பண்ணியிருப்பேன். வராந்தாவுல நீ கெடக்கற கெடைய மிஷின்ல இருந்து பாத்துக்கினே கீறேன். கண்ணாடிக் கதவுதான அது? உனுக்குத் தெரியாதா?"

அவருக்குத் தெரியாது. நாலு வருஷமாக அவள் அங்கே தூங்குகிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

சந்திரசேகர் சாயங்காலம் காளஹஸ்தியிலிருந்து வந்து, பிய்ந்த கதவைப் பார்த்து, விஷயம் தெரிந்து, தலையில் அடித்துக்கொண்டான். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேண்ணே. சாவியக் குடுத்துட்டுப் போயிருப்பேனே." "தாழ்ப்பாள நான் போட்டுத் தரேன் சந்திரா," என்றார் நாகபூஷணம். "வுடுண்ணே," என்று சொல்லிவிட்டு, அவன் அப்போதைக்குக் கம்பியால் சுற்றிக் கட்டிக்கொண்டான். நாகபூஷணம் அந்த வாரத் தாளில் 'சந்திரா வீட்டுத் தாழ்ப்பாள்' என்று எழுதினார். முடியவில்லை. ஒரு அம்புக்குறி போட்டு அடுத்த வாரத்துக்குத் தள்ளினார். அடுத்த வாரம் அதற்கடுத்த வாரத்துக்கு. கார்த்திகை முழுக்க அந்தத் தாழ்ப்பாள் அம்பில் ஏறித் தாளுக்குத் தாள் போய்க்கொண்டே இருந்தது.

நகரி மையத்திலிருந்து போன் வரவில்லை. போன் வர வேண்டும் என்று நினைத்தால் யாரோ சாக வேண்டும் என்று நினைத்ததாக ஆகிறது. அதனால் அவர் நினைக்காமல் இருக்கப் பழகினார். அதைத் தாளில் எழுத முடியவில்லை.

மார்கழியில் ஒரு புதன்கிழமை, திருப்பதியில், மிஷினில் இருக்கும்போதே கங்கம்மாள் போய்விட்டாள். நாகபூஷணம் வராந்தாவில் தூங்கிக்கொண்டிருந்தார். நர்ஸ் வந்து உலுக்கினாள். எழுந்தவர் முதலில் பார்த்தது அந்தக் கண்ணாடிக் கதவை. அவள் முகம் இந்தப் பக்கம்தான் திரும்பியிருந்தது. மணி மூன்று பத்து.

காரியமெல்லாம் முடிந்து மோனிகாவும் அரக்கோணத்துக்குப் போன பிறகு, ஒரு நாள் அவர் கிழித்துப் போட்ட தாள்களில் தேடி அந்தப் புதன்கிழமைத் தாளை எடுத்தார். ராகு காலம் பன்னிரண்டு முதல் ஒன்றரை, தாண்டிவிட்டது. எமகண்டம், குளிகை காலையிலேயே முடிந்துவிட்டன. தெலுங்குக் காலண்டரைப் பார்த்தார். வர்ஜ்யம் ராத்திரி. துர்முகூர்த்தம் மத்தியானத்தோடு சரி. மூன்று பத்து இரண்டு காலண்டரிலும் நல்ல நேரம். தாளைத் திருப்பிப் பின்னால்கூடப் பார்த்தார். பின்னால் வெள்ளையாக இருந்தது.

ஜனவரியில் ஹரிபாபு புது டைரி கொடுத்தான். போன வருஷம் கொடுத்ததை உருப்படியாக உபயோகித்தது நாகபூஷணம் மட்டும்தான் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். பக்கத்தில் வந்து, காதருகே குனிந்து, "இப்ப பகல்ல டைம் கெடைக்குது இல்ல அண்ணா? கொஞ்சம் ரெஸ்ட் தீஸ்கோண்டி," என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். படித்த பிள்ளைக்கு வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

டைம் கிடைத்தது. வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம்தான் கேட்டார். மிஷினுடைய நேரத்தையும் சேர்த்து இருபத்தேழாகக் கொடுத்திருந்தார்கள். திங்கள், புதன், வெள்ளி காலி. ஞாயிறு ஆறரை காலி. அந்த ஆறரைக்கு அவர் கண்ணை முழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த ஒரு மணி நேரத்தில் மட்டும் தூக்கம் வராது.

பொங்கல் கழிந்த முதல் திங்கட்கிழமை, தறி முடிந்து எட்டே காலுக்கு, ஒரு புதுத் தாழ்ப்பாளும் ஸ்குரூ டிரைவரும் எடுத்துக்கொண்டு சந்திரசேகர் வீட்டுக்குப் போனார். கம்பியைப் பிரித்து, பழைய ஓட்டைகளில் மரத்தூளும் பசையும் அடைத்தார். அந்தக் கதவில் பூட்டுக்கு ஒரு சாண் தள்ளி, ஒரு பள்ளம் இருந்தது. கங்கம்மாள் குறி தவறி அடித்த முதல் அடி. அதில் பசையைத் தடவப் போனவர், தடவாமல் நிறுத்திக்கொண்டார்.

சந்திரசேகர் பல் விளக்கிக்கொண்டே வந்து பார்த்தான். வாயில் நுரையோடு பதறினான்.

"அண்ணே, இன்னாண்ணே இது, ராகு காலத்துல போயி..."

"அப்டியா?" என்றார் நாகபூஷணம். தெருக்கோடி வரைக்கும் கேட்டது. ஸ்குரூவை இன்னொரு சுற்று முறுக்கினார்.

"ஒரு ஒன்பது மணிக்கு மேல போடலாமேண்ணே."

"ஒன்பதுக்கு மேல இன்னா கீது?"

சந்திரசேகர் வாயில் இருந்த நுரையைத் துப்பப் போனான், துப்பாமல் அப்படியே நின்றான். நாகபூஷணம் தாழ்ப்பாளை இழுத்தார், தள்ளினார், திரும்பவும் இழுத்துப் பார்த்தார். நன்றாகத்தான் விழுந்தது. சாமான்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, அடுத்து எங்கே போவது என்று தெரியாமல், கொஞ்ச நேரம் அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தார்.